45 லட்சம் கண்டிப்பாகக் கிடைக்கும் என்றால் அட்வான்ஸ் போட்டுவிடலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். கணியம்பாடிப் பக்கம் சொந்த ஊர். ராணுவத்தில் சுபேதார். ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். பாகாயத்தில் ஒரு பழைய வீடு 52 லட்சத்துக்குப் பேசி முடிந்திருக்கிறது. வீட்டுக்கடன் நிறுவனத்தின் ஆள் ஒருவர், "45 லட்சம் கண்டிப்பா வாங்கித் தரேன் சார், நீங்க அட்வான்ஸ் போட்டுக்கினு போய்க்கினே இருங்க" என்கிறார். வீட்டுக்காரர் 5 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார், 90 நாள் கெடு, கெடு தாண்டினால் அட்வான்ஸ் போச்சு. நம்பிப் போடலாமா?

போடாதீர்கள். வீடு நல்ல வீடாகவே இருக்கலாம், அந்த ஆளும் கெட்டவராக இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர் சொன்ன கணக்கு நிற்காது. 31 வருடம் வங்கியில் இருந்தேன். கடைசிப் பன்னிரண்டு வருடம் காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் கிளைகளில் கடன் மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்து அழுதவர்களில் பாதிப் பேர் உங்களைப் போல, வாய்வார்த்தையை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தவர்கள்.

அந்த 45 லட்சத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம்தான். அதற்கும் மேலே போனால் 75 சதவீதம். உங்கள் வீட்டை மதிப்பீட்டாளர் முழுசாக 52 லட்சத்துக்கே மதிப்பிட்டாலும் 80 சதவீதம் 41 லட்சத்து 60 ஆயிரம். 45 எங்கிருந்து வரும்? மேலாளரே நினைத்தாலும் கொடுக்க முடியாத தொகையை உங்களுக்கு 'கண்டிப்பா' என்று சொல்லியிருக்கிறார்கள்.

மதிப்பீடும் 52 வராது. பழைய கட்டடம் என்கிறீர்கள், கட்டடத்துக்கு வயதுத் தேய்மானம் கழிப்பார்கள். 46 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 80 சதவீதம் 36 லட்சத்து 80 ஆயிரம். வீட்டு விலைக்கே 15 லட்சத்து 20 ஆயிரம் நீங்கள் போட வேண்டும். பத்திரச் செலவு தனி. தமிழ்நாட்டில் இப்போது முத்திரைத் தீர்வையும் கூடுதல் தீர்வையும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 52 லட்சத்துக்கு 9 சதவீதம் 4 லட்சத்து 68 ஆயிரம். இந்தச் செலவைச் சொத்து மதிப்போடு சேர்த்துக் கடன் கொடுக்கக் கூடாது. பத்து லட்சத்துக்குட்பட்ட வீட்டுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. ஆக 7 லட்சம் கையில் இருந்தால் போதும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஏறக்குறைய 20 லட்சம் வேண்டும்.

"அப்போ அந்த ஆள் 45 எப்படிச் சொன்னார்?" என்று கேட்பீர்கள். இரண்டு வழி வைத்திருப்பார். ஒன்று, மீதியை டாப்-அப், பர்சனல் லோன் என்று வேறு பெயரில், வேறு வட்டியில் ஒட்டித் தருவது. இன்னொன்று, "ஒப்பந்தத்துல 57 லட்சம்னு போட்டுக்கலாம் சார், யாரு கேக்கப் போறாங்க" என்பது. 57-இல் 80 சதவீதம் 45-ஐத் தாண்டிவிடும் பாருங்கள். வங்கியிடம் பொய் விலை காட்டி வாங்கும் கடன் அது. நாளைக்குப் பிரச்சினை என்றால் கையெழுத்து உங்களுடையது, அவருடையது எதிலும் இருக்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடன் ஆள் விலையை ஏற்றிக் காட்டச் சொல்வார், வீட்டுக்காரர் இறக்கிக் காட்டச் சொல்வார். "பத்திரத்துல 38 போடுங்க, மீதி கையில கொடுத்துடுங்க" என்பது நம்ம ஊரில் சாதாரணப் பேச்சு. வங்கி, பத்திர விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும். 38 என்று எழுதினால் கடன் 30 லட்சத்துப் பக்கம் வந்து நின்றுவிடும். தவிர, சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. ரொக்கம் வாங்கியவருக்கு அதே தொகை அளவுக்கு அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதை வீட்டுக்காரருக்குச் சொல்லிப் பாருங்கள், சில பேர் உடனே வழிக்கு வருவார்கள்.

அடுத்தது உங்கள் சம்பளம். எனக்கு அதிகக் கவலை இங்கேதான். 45 லட்சம், 20 வருடம், 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை 39,000 ரூபாய்க்குச் சற்று மேலே. இன்றைய சம்பளச் சீட்டை வைத்துப் பார்த்தால் தாங்கும். எட்டு மாதம் கழித்து? எம்.எஸ்.பி. (ராணுவப் பணிக்கான தனிச் சம்பளம்) சேர்த்துக் கடைசிச் சம்பளம் 60,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பென்ஷன் அதில் பாதி, 30,000. ராணுவத்தில் பென்ஷனில் 50 சதவீதம் வரை கம்யூட் செய்யலாம், அதாவது மாதாமாதம் வாங்காமல் முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம், உங்கள் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் முழுசாகச் செய்துவிடுகிறார்கள். செய்தால் அடிப்படைப் பென்ஷன் 15,000-ஆகக் குறையும், திரும்ப முழுசாகப் பதினைந்து வருடம் ஆகும். அகவிலைப்படி முழு 30,000-க்கும் கிடைக்கும், அது ஒன்றுதான் ஆறுதல். இந்தக் கணக்கை அந்த ஆள் உங்களிடம் போட்டுக் காட்டினாரா? ஓய்வுத் தேதியைக் கேட்டாரா? கேட்டிருந்தால் 45 என்று சொல்ல வாயே வந்திருக்காது. கிளையில் உள்ள அதிகாரி ராணுவ அடையாள அட்டையைப் பார்த்ததும் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான். அப்போது தொகையும் குறையும், வருடமும் குறையும். வங்கிக்கு வங்கி 70 வயது, 75 வயது என்று ஒரு முடிவு வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டித் தவணை ஓடாது.

நீங்கள் போட வேண்டிய அந்த 20 லட்சம் பணிக்கொடையிலும் கம்யூட்டேஷனிலும்தான் வரப்போகிறது என்று நினைக்கிறேன். அது கைக்கு வர எட்டு மாதத்துக்கு மேல். வீட்டுக்காரர் கொடுத்த கெடு 90 நாள். 5 லட்சம் எப்படிப் போகும் என்பதற்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கடன் பட்டுவாடா ஆன தொகையில் கமிஷன். ஃபைலை உள்ளே கொண்டுவந்து போடுவதோடு அவர் வேலை முடிந்தது. அதன் பிறகு சிபில் (பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று காட்டும் மதிப்பெண்), வருமானம் பார்க்கிறவர் ஒருவர், பத்திரம் பார்க்கும் பேனல் வக்கீல் ஒருவர், மதிப்பீட்டாளர் ஒருவர், சாங்ஷன், அதாவது கடன் அனுமதிக் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், செக் எழுதுகிறவர் ஒருவர். இவர்களில் யாரும் உங்களுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. போனில் வரும் 'ப்ரீ-அப்ரூவ்டு' செய்தியும் இப்படித்தான். உங்கள் சிபிலைப் பார்த்து வருவது அது. நீங்கள் வாங்கப்போகும் வீட்டின் பத்திரத்தை அந்தச் செய்தி அனுப்பிய கம்ப்யூட்டர் பார்த்ததே இல்லை. சாங்ஷன் கடிதமே கைக்கு வந்தாலும் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். 'சட்டக் கருத்தும் மதிப்பீடும் திருப்தியாக இருக்கும்பட்சத்தில்' என்று ஒரு வரி இருக்கும். முழுக் கடிதமும் அந்த வரியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சட்டக் கருத்து என்றதும் நம்ம மாவட்டக் கதை ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஒரே மனையின் பத்திரக் கட்டைப் பிரித்தால் மாவட்டப் பெயரே மூன்று முறை மாறியிருக்கும். தாத்தா காலத்துப் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்த பிறகு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். பிறகு வேலூர் மாவட்டம். 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்ததால் ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துச் சொத்துக்கு இன்னொரு பெயர். இதோடு சார்பதிவாளர் அலுவலக எல்லைகளும் மாறியிருக்கும். இன்றைய அலுவலகத்தில் மட்டும் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு 'நில்' (வில்லங்கம் எதுவும் இல்லை) என்று சந்தோஷப்படக் கூடாது. அந்தக் கிராமம் முன்பு எந்த அலுவலகத்தில் இருந்ததோ அங்கேயும் போட வேண்டும். இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் 1975-இலிருந்துதான். அதற்கு முந்தையது வேண்டுமென்றால் மேனுவல் இசி-க்கு (பழைய பதிவேடுகளைக் கையால் தேடித் தரும் வில்லங்கச் சான்றுக்கு) மனு போட்டுக் காத்திருக்க வேண்டும். பேனல் வக்கீல் இதையெல்லாம் கேட்பார். 90 நாளில் 30 நாள் இதிலேயே ஓடிவிடும்.

மனை அங்கீகாரம் இன்னொன்று. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது நினைவிருக்கும். அதன் பிறகு 2017-இல் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்குத்தான் அது. பாகாயம், அரியூர், விருதம்பட்டு என்று எங்கும் பழைய மனைப்பிரிவுகள் உண்டு. உங்கள் வீட்டு மனைக்கு வரன்முறை ஆணை இருக்கிறதா, கட்டடத்துக்குப் பிளான் அப்ரூவல் இருக்கிறதா, மாடி அந்தப் பிளானில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு மாடி எழுப்பிய வீடுகள் சத்துவாச்சாரியில் தெருவுக்கு நாலு பார்த்திருக்கிறேன். மதிப்பீட்டாளர் அந்த மாடியை மதிப்பிலேயே சேர்க்க மாட்டார்.

குடியாத்தத்தில் இருந்தபோது ஒரு நர்ஸ் அம்மா வந்தார். கணவர் வெளிநாட்டில். வேறொரு நிறுவனத்தின் ஆள் 'லோன் ஓகே' என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவே அனுப்பியிருந்தார், அதை நம்பி 4 லட்சம் அட்வான்ஸ். பத்திரத்தைப் பார்த்தால் பாகப்பிரிவினையில் நான்கு அண்ணன் தம்பிகள் கையெழுத்து இருக்கிறது. கல்யாணம் ஆகிப் போன தங்கச்சி கையெழுத்து இல்லை. வாரிசுச் சான்றிதழிலும் அந்தப் பெண் பெயர் விடுபட்டிருந்தது. அந்த நிறுவனம் கடனை மறுத்துவிட்டது. நானும்தான் மறுத்தேன், வேறு வழியில்லை. வீட்டுக்காரரோ, "கெடு உங்களால தாண்டிச்சு" என்று அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை. தப்பு அவர் பத்திரத்தில், நஷ்டம் இந்த அம்மாவுக்கு. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது அப்படி. அந்தக் குரல் பதிவை என்னிடம் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டிக்கொண்டே இருந்தார்.

இதன் மறுபக்கமும் ஆபத்தானது. "பேங்க்காரனே லோன் கொடுத்துட்டான், அப்போ பத்திரம் சுத்தம்தான்" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். வங்கி வக்கீல் பார்ப்பது வங்கிக்காக. அவர் ஏதாவது கோட்டை விட்டு, நாளைக்குக் கோயில் நிலம், வக்ஃப் நிலம், ஏரிப் புறம்போக்கு என்று நோட்டீஸ் வந்தால் உங்கள் தவணை ஒரு மாதம்கூட நிற்காது. வீடு போனாலும் கடன் கடன்தான். ஆகவே வங்கி வக்கீலுக்கு மேல் உங்கள் செலவில் ஒரு வக்கீலையும் பார்க்க வையுங்கள். சில ஆயிரம் ரூபாய் செலவு, 52 லட்சத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை.

வட்டிக்கு வருவோம். அந்த ஆள் "இப்ப வட்டி இறங்கிக்கினே இருக்கு சார், இன்னும் இறங்கும்" என்று சொல்லியிருப்பார். 2021-இலும் இதே வசனம்தான். அப்போது 6.75 சதவீதத்துக்கு 30 லட்சம், 20 வருடத்துக்கு வாங்கியவருக்குத் தவணை சுமார் 22,800. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி) 4-இலிருந்து 6.5 சதவீதத்துக்குப் போனது. கடன் வட்டி 9.25. அந்த வட்டியில் 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டும் 23,125 ரூபாய். பார்த்தீர்களா, தவணையை விட வட்டி அதிகம்! அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பல பேருக்குத் தவணை ஏறியதே தெரியவில்லை, ஏனென்றால் ஏறியது தவணை இல்லை, வருடம். 20 வருடக் கடன் 30 வருடத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இதற்குப் பிறகுதான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா வருடத்தைக் கூட்டுவதா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும் என்று உத்தரவு போட்டது.

இன்னொரு நுணுக்கம். 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கிறது. ரெப்போ இறங்கினால் உங்கள் வட்டியும் இறங்கியாக வேண்டும். வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அவர்கள் தங்கள் சொந்த அளவுகோலை வைத்துக்கொள்கிறார்கள். உங்களிடம் பேசியவர் நிறுவனத்து ஆள், வங்கி ஆள் இல்லை. அவர் "வட்டி இறங்கும்" என்றால் யாருக்கு இறங்கும் என்று கேளுங்கள்.

மானியம் கிடைக்கும் என்றும் சொல்லியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். என் அக்கா மகனுக்கு ஆற்காட்டில் 2022 கடைசியில் ஒரு ஏஜென்ட் 2 லட்சத்து 67 ஆயிரம் மத்திய அரசு மானியம் என்று நோட்டீஸ் காட்டி ஆசை காட்டினார். அந்தத் திட்டம் அதே வருடம் மார்ச்சோடு முடிந்திருந்தது, நோட்டீஸ் மட்டும் முடியவில்லை. இப்போது இருக்கும் புதுத் திட்டத்தில் அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம், அதுவும் ஐந்து வருடத் தவணையில். வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு அது இல்லை.

காப்பீடு எடுத்தால்தான் கடன் என்று ஒரு பெரிய பிரீமியத்தைக் கடனோடு சேர்ப்பார்கள். குடும்பத்துக்குக் காப்பீடு வேண்டும்தான், ஆனால் அவர்கள் நீட்டும் அதே பாலிசியை, 20 வருட வட்டியோடு வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பித் தரலாம்.

கையில் கிடைக்க வேண்டிய ஒரு தாள் உண்டு. 2024 அக்டோபர் முதல் கடன் கொடுக்கும் எல்லோரும் 'முக்கிய விவர அறிக்கை', அவர்கள் பாஷையில் கே.எஃப்.எஸ்., தர வேண்டும். செலவெல்லாம் சேர்த்து உண்மையான வருட வட்டி எவ்வளவு, என்னென்ன கட்டணம் என்று அதில் இருக்கும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. அந்த அறிக்கை குறைந்தது மூன்று வேலை நாள் செல்லுபடியாகும். ஆகவே "இன்னிக்கே சைன் பண்ணாதான் இந்த ரேட்டு" என்று யாராவது அவசரப்படுத்தினால் அந்தத் தாளைக் கேளுங்கள், பேச்சு மாறும். செக் தேதியையும் பாருங்கள். பதிவு நாளில்தான் செக் கை மாறும், ஆனால் பத்து நாள் முன்தேதியிட்டு எழுதி அன்றிலிருந்தே வட்டி போடும் பழக்கம் சில இடங்களில் இருந்தது. அது தவறு, வசூலித்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்று 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.

இனி என்ன செய்வது? வீட்டுக்காரரிடம் போய் பத்திர நகல் முழுக் கட்டும் கேளுங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கம், பிளான், வரி ரசீது எல்லாம். அட்வான்ஸுக்கு முன்னாலேயே. நகலை எடுத்துக்கொண்டு உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்கு நேரே போங்கள், ஓய்வுத் தேதியை நீங்களே முதலில் சொல்லுங்கள், பேனல் வக்கீல் கருத்தையும் மதிப்பீட்டையும் முதலில் வாங்கச் சொல்லுங்கள். அதற்கான கட்டணத்தைக் கட்டுங்கள், கடன் கிடைக்காவிட்டால் நட்டம் அவ்வளவுதான். இதற்கிடையில் வீடு கை நழுவிவிடும் என்று பயமாக இருந்தால் ஒரு சின்னத் தொகை, 50,000 போல, வங்கி வழியாக டோக்கனாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஒப்பந்தம் போடும்போது ஒரு ஷரத்தை எழுதச் சொல்லுங்கள்: சொத்தின் ஆவணக் குறையாலோ மதிப்பீடு குறைந்ததாலோ வங்கிக் கடன் மறுக்கப்பட்டால், அல்லது இத்தனை லட்சத்துக்குக் கீழே வந்தால், முன்பணம் முழுவதையும் 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தொகையை எழுத்தாலும் எண்ணாலும் போடுங்கள். வீட்டுக்காரர் முணுமுணுப்பார். உங்கள் சம்பளமோ சிபிலோ காரணமாக மறுத்தால் அட்வான்ஸில் ஒரு பகுதியை அவர் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுங்கள், அது நியாயம். கெடுவை 90 நாளிலிருந்து ஓய்வுப் பணம் கைக்கு வரும் மாதம் வரை நீட்டக் கேளுங்கள். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2012 முதல் சட்டம் இருக்கிறது, முத்திரைத்தாளில் எழுதி பீரோவில் வைப்பதோடு நிறுத்தாதீர்கள்.

அந்தக் கடன் ஆளிடம் ஒரே ஒரு காரியம் செய்து பாருங்கள். "45 லட்சம், இந்த வீட்டுக்கு, இந்த வட்டிக்கு, ஓய்வுக்குப் பிறகும் சேர்த்து என்று உங்கள் நிறுவன மின்னஞ்சலிலிருந்து எழுதி அனுப்புங்கள்" என்று கேளுங்கள். என் கணிப்பு, இரண்டு நாள் போன் எடுக்க மாட்டார். எழுதியே அனுப்பிவிட்டால் அந்தக் கடிதத்தையும் பத்திரக் கட்டையும் எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில்தான் இருப்பேன், பார்த்துச் சொல்கிறேன்.